அபயதானம்: அஞ்சிய உயிர்க்கு இல்லம் அளித்தல்



தானம் நான்கு வகைப்படும் என்பதை நாம் இளமையிலேயே கற்றிருக்கின்றோம். பசித்தோர்க்கு உணவளிப்பது ஆகாரதானம். பிணியுற்றோர்க்கு மருந்தளிப்பது ஔடததானம். கல்வியும் நூலும் வழங்குவது சாத்திரதானம். அஞ்சிய உயிரின் அச்சத்தை நீக்கிக் காப்பது அபயதானம். முதல் மூன்றையும் நம்மவர் குறைவின்றிச் செய்து வருகின்றனர். ஆலய விழாக்களில் அன்னம் பாலிக்கின்றோம். மருத்துவ முகாம் நடத்துகின்றோம். நூல்களை அச்சிட்டு வழங்குகின்றோம். ஆனால் அபயதானம் என்றவுடன், அது துறவியர்க்கே உரியது, ஓரறிவுயிர்க்கும் இன்னல் செய்யாத முனிவர்களே அதனை முற்றும் நல்க வல்லவர் என்று கூறி ஒதுங்கி விடுகின்றோம். முற்றும் நல்குதல் முனிவர்க்கே இயலும் என்பது மெய்யே. எனினும் ஓர் உயிர்க்கேனும் அச்சம் தீர்த்தல் இல்லறத்தார்க்கும் இயலும். அதற்கு எளியதும் அருகில் உள்ளதுமான ஒரு வாயிலைப் பற்றியே இங்கு உங்களுடன் பேச விரும்புகின்றேன். விலங்குக் காப்பகத்தில் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் ஓர் இளம் நாயை நம் இல்லத்திற்கு அழைத்து வருதலே அவ்வாயில்.

'நாயைப் பற்றியா ஓர் அறவுரை?' என்று சிலர் வியக்கக்கூடும். வியப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. நாற்கதியுள் உழலும் உயிர்களில் நாய் விலங்குகதியைச் சார்ந்தது. ஐம்பொறிகளும் மனமும் உடையது. ஆகவே நன்மை தீமைகளை உணரவும் பழகிக்கொள்ளவும் ஆற்றல் பெற்றது. உடல் எடுத்த உயிர்கள் அனைத்திற்கும் உணவு, அச்சம், காமம், உடைமை என நால்வகைச் சஞ்ஞைகள் உண்டென்று நம் ஆகமம் கூறும். அவற்றுள் அச்சம் ஒன்று. அரசனுக்கும் அது உண்டு. தெருவில் பிறந்த குட்டிக்கும் அது உண்டு. நாம் கொண்டிருக்கும் அதே அச்சத்தைத்தான் அந்தக் குட்டியும் கொண்டிருக்கின்றது. அதனைச் சொல்ல அதற்கு மொழியில்லை என்பதே வேறுபாடு.

திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியை அறியாதார் நம்முள் இலர். அதில் குணமாலையார் இலம்பகத்தில் வரும் ஒரு நிகழ்ச்சியை நினைவிற் கொள்வோம். உணவைத் தீண்டிய பிழைக்காக அடியுண்டு ஒரு நாய் குற்றுயிராய்க் கிடக்கின்றது. அவ்வழியே வந்த சீவகன் அதனைக் கண்டு இரங்குகின்றான். உடலைக் காக்க இயலாத நிலையில் அதன் செவியில் ஐம்பத மந்திரத்தை ஓதுகின்றான். அந்நாய் நல்லெண்ணத்தோடு உயிர் நீத்துச் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறக்கின்றது. பின்னர்க் கட்டியங்காரனின் கொடுமையால் சீவகனுக்கு உயிரிடர் நேர்ந்தபோது, அச்சுதஞ்சணனே வந்து அவனைக் காத்துத் தன் மலைக்கு அழைத்துச் செல்கின்றான்.

இக்கதையில் நான் பெரிதும் போற்றுவது நாய் தேவனானதை மட்டுமன்று. அரசகுமாரன் ஒருவன், தன்னால் எப்பயனும் பெற இயலாத, இறக்கும் தறுவாயிலுள்ள ஒரு நாயின் அருகில் குனிந்தானே, அதனையே பெரிதும் போற்றுகின்றேன். அவன் அதன் விலையையோ இனத்தையோ கேட்கவில்லை. அஞ்சி நடுங்கும் உயிர் ஒன்று அங்கே உள்ளது என்பது மட்டுமே அவன் கண்ணிற்பட்டது.

திருமண ஊர்வலத்தில் சென்ற நேமிநாத சுவாமி, விருந்துக்கென அடைக்கப்பட்டிருந்த விலங்குகளின் ஓலம் கேட்டு, அவற்றின் அச்சம் தம்மால் விளைந்தது என்றுணர்ந்து, அப்பொழுதே துறவு பூண்டார். போளூருக்கு அருகிலுள்ள திருமலையில் நின்றருளும் அப்பெருமானைத் தரிசிக்கும்பொழுதெல்லாம், அடைபட்ட உயிர்களின் குரலைக் கேட்ட செவி அது என்பதை நாம் எண்ணுதல் வேண்டும்.

இனி, நம் குடும்பங்களில் எழும் ஐயங்களைக் காண்போம். அவை புறக்கணிக்கத் தக்கன அல்ல.

முதலாவது ஐயம், நாய் வளர்த்தல் பரிக்கிரகம் ஆகாதோ என்பது. பெருமைக்காக ஓர் இனத்தைத் தேடிப் பொருள் கொடுத்து வாங்கி, வாயிலில் கட்டி வைத்து, 'எங்கள் வீட்டு நாய்' என்று காட்டிக்கொள்வது பரிக்கிரகமே. விற்பனைக்காகத் தாய் நாயை மீண்டும் மீண்டும் ஈனச் செய்யும் வணிகத்திற்கு நம் பொருள் துணை போவது அதனினும் தீது. ஆனால், கைவிடப்பட்ட உயிர்க்குப் புகலிடம் கொடுத்தல் உடைமை சேர்த்தல் அன்று; கடமை ஏற்றல் ஆகும். 'இது என்னுடையது' என்று எண்ணாமல் 'இதற்கு நான் பொறுப்புடையேன்' என்று எண்ணுவோமாயின் பரிக்கிரகம் அங்கே தேய்கின்றது.

இரண்டாவது ஐயம், பிற உயிரைக் கொல்லும் இயல்புடைய விலங்கை வளர்க்கலாமோ என்பது. அநர்த்ததண்ட விரதத்தை விளக்குமிடத்து, கொல்லும் விலங்குகளை வளர்த்தல் ஆகாது எனச் சிராவகாசார நூல்கள் சில எச்சரிக்கின்றன. இதன் கருத்து யாது? வேட்டைக்கும், பிறரை அச்சுறுத்துவதற்கும், வீண் பொழுதுபோக்கிற்கும் அத்தகைய விலங்குகளைப் பேணுதல் கூடாது என்பதே. தெருவில் பசியால் அணிலையும் கோழியையும் துரத்தும் நிலையிலிருந்த ஒரு நாயை, வேளைதோறும் உணவு பெறும் நிலைக்குக் கொணர்வதால் தீங்கு குறையுமேயன்றிப் பெருகாது. எனினும் வெளியே செல்லும்பொழுது அதனைக் கயிற்றிற் பிடித்துச் சென்று, பிற உயிர்களைத் துன்புறுத்தாமல் காத்தல் நம் கடமை.

மூன்றாவது ஐயம், புலால் இன்றி நாய் வாழுமோ என்பது. பல்லாயிரம் ஆண்டுகள் மனிதரோடு உண்டு வாழ்ந்தமையால், சோறு முதலியவற்றிலுள்ள மாவுச்சத்தைச் செரிக்கும் ஆற்றலை நாய் ஓநாயினும் மிகுதியாகப் பெற்றுள்ளது என்று 2013ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. கால்நடை மருத்துவர் வகுத்துத் தரும் முறைப்படி, புரதமும் ஏனைய சத்துகளும் குறையாத மரக்கறி உணவில் நாய் நலமாக வாழ இயலும். வெறுஞ்சோறும் பாலும் மட்டும் இட்டு வளர்த்தல் போதாது. வளரும் குட்டிக்கு அது கேடு. ஆதலின் மருத்துவரைக் கேட்டே தொடங்குக. பூனைக்கு இது பொருந்தாது. அதன் உடல் புலாலை வேண்டுவது. ஆகவே நம் இல்லங்களுக்கு ஏற்றது நாயே.

இங்கே ஓர் இனிய பொருத்தம் உண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் குருதியிலுள்ள சிவப்பணுக்களைச் சிதைக்கும் நஞ்சாவன. அவை புகாத நம் சமையலறை அதற்கு இயல்பாகவே பாதுகாப்பானது. கதிரவன் மறையுமுன் உண்ணும் நம் வழக்கம், குறித்த வேளையில் உணவு வேண்டும் அவ்வுயிர்க்கு நன்கு பொருந்துகின்றது. ஆனால் பாயசத்திலிடும் உலர்ந்த திராட்சை அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லேட்டும் நஞ்சே. விழா நாள்களில் பிள்ளைகள் அன்பினால் ஊட்டிவிடாமல் பார்த்துக்கொள்க.

இனி, கூச்சமுடைய இளம் நாயைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறுவேன். காப்பகத்திற்குச் செல்வோர் பெரும்பாலும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும் குட்டியையே தேர்ந்தெடுப்பர். சுவரை நோக்கித் திரும்பி அமர்ந்திருப்பது அங்கேயே தங்கிவிடும். வகுப்பறையிலும் இதுவே நிகழும். கை உயர்த்தும் மாணவனையே ஆசிரியர் காண்பார். கடைசி வரிசையில் தலைகுனிந்திருப்பவன் ஆண்டு முழுவதும் காணப்படாமலே போவான். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு முதலிற் கற்பித்த பாடங்களுள் ஒன்று, அஞ்சும் குழந்தை கற்காது என்பது. அச்சம் நீங்கிய பின்னரே கல்வி தொடங்கும். இது நாய்க்கும் அப்படியே பொருந்தும்.

நாய்க்குட்டி பிறந்து ஏறக்குறைய 3 வாரம் முதல் 12 வாரம் வரையிலான காலமே அது உலகத்தோடு பழகிக்கொள்ளும் காலம் என்று ஸ்காட், புல்லர் என்னும் அறிஞர்கள் 1965இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். அக்காலத்தில் மனிதரின் மென்மையான கையை அறியாத குட்டி, பின்னர் நீட்டப்படும் ஒவ்வொரு கையையும் அடிக்க ஓங்கிய கையாகவே எண்ணும். இது அதன் பிடிவாதமன்று, நன்றியின்மையுமன்று. அறியாமையால் விளைந்த அச்சம். காலத்தைத் திருப்ப இயலாது. ஆனால் பொறுமையால் புதிய பழக்கத்தை உண்டாக்க இயலும்.

அச்சத்தின் குறிகளை அறிந்துகொள்க. வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்குதல், செவியைப் பின்னே மடித்தல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், பசியின்றியும் உதட்டை நக்குதல், உறக்கமின்றியும் கொட்டாவி விடுதல் ஆகியவை 'நான் அஞ்சுகின்றேன், சற்று விலகி நில்லுங்கள்' என்று அது கூறும் மொழி. இம்மொழியைப் புரிந்துகொள்ளாமல் நெருங்கினால் உறுமும். அதனையும் மதியாவிடில் கடிக்கும். கடித்த பின் 'தீய நாய்' என்று பழிப்பர். அது பலமுறை சொல்லியும் கேளாதது யார் குற்றம்?

அதனை அழைத்து வந்தபின் செய்யத்தக்கன இவை. வீட்டில் ஒரு மூலையை அதற்கெனக் கொடுத்து, அங்கே யாரும் அதனைத் தொந்தரவு செய்யாதிருத்தல். முதல் நாள்களில் உறவினரை அழைத்துக் காட்டாதிருத்தல். நேருக்கு நேர் கண்ணை நோக்காமல், பக்கவாட்டில் தரையில் அமர்தல். தலைக்கு மேலாகக் கையை நீட்டாமல், தாழ்வாக வைத்து, அதுவே வந்து முகரக் காத்திருத்தல். உணவு, நீர், வெளியே செல்லுதல் இவற்றிற்கு மாறாத வேளை வகுத்தல். வெளியே செல்லும்போது கழுத்துப்பட்டையோடு மார்புப்பட்டையும் அணிவித்தல். ஏனெனில் அஞ்சிய நாய் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். வெறிநோய்த் தடுப்பூசியும் ஏனைய தடுப்பூசிகளும் தவறாமல் போடுவித்தல். இது அதற்கு மட்டுமன்றி அண்டை அயலார்க்கும் நாம் அளிக்கும் அபயம்.

என் மகன் குடும்பத்தார் சென்னையில் வாழ்கின்றனர். 2022ஆம் ஆண்டில் காப்பகம் ஒன்றிலிருந்து எட்டு மாதப் பெண் நாய் ஒன்றை அழைத்து வந்து மல்லி எனப் பெயரிட்டனர். வந்த நாள் முதல் அது கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. இரவில் யாவரும் உறங்கிய பின்னரே உணவுண்ணும். பிரஷர் குக்கர் ஒலித்தால் உடல் முழுதும் நடுங்கும். ஒரு திங்கள் சென்றது. நான் அங்குத் தங்கியிருந்தபோது மருமகள் கலங்கிய முகத்தோடு, "அத்தை, இது நம் வீட்டில் மகிழ்ச்சியாக இல்லை. திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடலாமா?" என்று கேட்டாள். அவள் வினாவில் கடுமையில்லை, இரக்கமே இருந்தது. "மகிழ்ச்சியைப் பற்றிப் பிறகு எண்ணலாம், அம்மா. அச்சம் தீர்ந்ததா என்பதே இப்போது நாம் கேட்க வேண்டியது. ஒரு முறை இடம் மாறியதற்கே இத்தனை அச்சம் என்றால், மறுமுறையும் மாற்றினால் அது யாரை நம்பும்?" என்றேன்.

பதினோரு வயதுப் பேத்தி இதனைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று முதல் நாள்தோறும் மாலையில் கட்டிலுக்குச் சற்றுத் தொலைவில், அதற்கு முதுகு காட்டி அமர்ந்து, தன் பள்ளிப் பாடத்தை மெல்லிய குரலில் வாய்விட்டுப் படிக்கலானாள். அழைக்கவுமில்லை, தொடவுமில்லை. முதலில் மூக்கு மட்டும் வெளிவந்தது. பின்னர் முன்கால்கள் வந்தன. ஆறு வாரம் சென்று ஒரு மாலையில், வரலாற்றுப் பாடம் நடந்துகொண்டிருக்கையில், மல்லி வெளிவந்து அவள் பாதத்தின்மேல் முகவாயை வைத்துப் படுத்துக்கொண்டது. பேத்தி படிப்பதை நிறுத்தவில்லை; கண்ணீர் மட்டும் வழிந்தது என்று தொலைபேசியில் மருமகள் சொன்னாள். இன்றும் குக்கர் ஒலித்தால் மல்லி கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வதுண்டு. ஒலி நின்றதும் தானே வந்துவிடும். அச்சம் முழுதும் அற்றுவிடவில்லை. ஆனால் அச்சத்தினின்று மீண்டுவர ஓரிடம் அதற்குக் கிடைத்துவிட்டது.

இதனால் நாம் அறிவது யாது? அபயம் என்பது ஒருநாட் கொடையன்று. சோறு இட்டால் அவ்வேளைப் பசி தீரும், தானமும் நிறைவுறும். அபயமோ நாள்தோறும் கொடுக்கப்படுவது. கொடுத்துப் பின் பறித்தால் முன்னினும் பெரிய அச்சமாய் மாறிவிடும். ஆதலின், அதன் ஆயுட்காலமான பத்துப் பதினைந்து ஆண்டுகளும் காக்க இயலுமா என்று குடும்பத்தார் அனைவரும் கூடி எண்ணிய பின்னரே அழைத்து வருக. நாள் முழுதும் வீடு பூட்டிக்கிடக்குமாயின், முதியோர்க்கு நோய் உண்டாயின், வாடகை வீட்டில் இசைவு இல்லையாயின், அழைத்து வராதிருத்தலும் அறமே. அவர்கள் காப்பகத்திற்கு உணவும் மருந்தும் அளிக்கலாம்; வாரம் ஒருமுறை சென்று அஞ்சும் குட்டியின் அருகே அமைதியாக அமர்ந்து வரலாம்.

அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகின்றது. அவை கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றல், உணவும் நீரும் தடுத்தல் என்பன. இவற்றை ஒரு நாயை எண்ணிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். நாள் முழுதும் சங்கிலியில் பிணித்தல் முதற்குற்றம். பழக்குவதாகச் சொல்லி அடித்தல் இரண்டாவது. அழகுக்காக வாலையும் செவியையும் வெட்டுதல் மூன்றாவது. அதன் அச்சத்தையும் இளமையையும் எண்ணாமல் காவற்பணியைச் சுமத்துதல் நான்காவது. தண்டனையாக உணவை நிறுத்துதல் ஐந்தாவது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எழுப்பிய குரலின் பயனாக 1960இல் இயற்றப்பட்ட விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் அடித்தல், அளவிறந்த பாரம், உறுப்புச் சிதைவு, குறுஞ்சங்கிலியில் நெடுநேரம் பிணித்தல், உணவும் நீரும் கொடாமை ஆகியவற்றைக் குற்றங்களாக வரிசைப்படுத்துகின்றது. பல நூற்றாண்டுகளுக்கு முன் நம் ஆசாரியர் இல்லறத்தார்க்கு விரதமாக வகுத்ததை, நாடு பின்னர்ச் சட்டமாக வகுத்தது. சட்டம் வெளியே நின்று காவலரைக் கொண்டு காக்கும்; விரதம் உள்ளே நின்று நம்மைக் கொண்டே காக்கும்.

காப்பகங்களில் கருத்தடை அறுவை செய்வது மூன்றாம் அதிசாரம் ஆகாதோ என்று சிலர் வினவுவர். கவனமின்மையும் கசாயமும் கூடி உயிர்க்கு ஊறு செய்வதே இம்சை என்பது நம் நூற்றுணிபு. தெருவில் பிறந்து பசியாலும் வண்டிச் சக்கரத்தாலும் மடியும் குட்டிகளைக் கண்டவர், வலியறியாமல் மயக்கமருந்து கொடுத்து மருத்துவர் செய்யும் அச்செயலையும், அழகுக்காகச் செவியறுக்கும் செயலையும் ஒரே தட்டில் வையார். ஒரு காலத்தில் நகராட்சிகள் தெருநாய்களைப் பிடித்துக் கொன்று வந்தன. 2001ஆம் ஆண்டு விதிகளும், அவற்றிற்கு மாற்றாக 2023இல் வந்த விதிகளும் கொலைக்கு மாற்றாகக் கருத்தடையையும் தடுப்பூசியையும் வகுத்துள்ளன.

மும்பையில் 1832இல் நாய்களைக் கொல்லும் ஆணையை எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அதன் பின் 1834இல் பார்சி வள்ளல் ஜாம்செட்ஜி ஜீஜீபாய் சமண வணிகரோடு சேர்ந்து அங்குப் பாஞ்சராபோல் என்னும் விலங்குச் சாலையை நிறுவினார். சமயம் வேறாயினும் இரக்கம் ஒன்றாய் நின்றது. நம் முன்னோர் சாலை அமைத்தனர்; நாம் ஒரு மூலையேனும் ஒதுக்கலாகாதா?

தீபாவளி நாள் மகாவீர சுவாமி நிர்வாணம் எய்திய நாள். அந்நாளில் வெடி ஒலியால் நடுங்காத நாய் அரிது. எத்தனையோ நாய்கள் வெருண்டோடி வழிதவறுகின்றன. அச்சத்தை வென்றவரின் திருநாளில் நம்மால் ஓர் உயிர் அஞ்சலாமா? விளக்கேற்றி வணங்குவோம்; வெடியை விடுப்போம். நம் பிள்ளைகளிடம் காரணத்தைச் சொல்லியே விடச் செய்வோம்.

இறைவனின் சமவசரணத்தைச் சிற்பத்திலும் ஓவியத்திலும் கண்டிருக்கின்றோம். அங்குப் பன்னிரண்டு சபைகள். தேவர்க்கும் முனிவர்க்கும் மாந்தர்க்கும் இடம் உண்டு. விலங்குகளுக்கும் தனியே ஒரு சபை உண்டு. அங்கே மானின் அருகே சிங்கம் அமர்ந்திருக்கும். ஒன்று அஞ்சுவதுமில்லை, ஒன்று அச்சுறுத்துவதுமில்லை. அறவுரை கேட்பதற்கு முன் அவ்வுயிர்கள் பெற்றது அச்சமின்மையே. அத்தகைய சபையை நாம் அமைக்க இயலாது. ஆனால் நம் வீட்டுத் திண்ணையில், ஓர் அஞ்சிய உயிர் கண்மூடி உறங்கத்தக்க நான்கடி இடத்தை அமைக்க இயலும். அதனைச் செய்வோமாக.

எல்லா உயிரும் அச்சம் நீங்கி வாழ்க! அறம் வளர்க!